ஐப்பசி மழையும் தட்டுப்போரும்

தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே வாரத்தில் வந்து நிற்பது கொங்கு நாட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பழகிப்போன சங்கதி. 2025லும் அதேதான். அக்டோபர் 16 அன்று பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. தீபாவளி 20ஆம் தேதி, திங்கட்கிழமை. சனி, ஞாயிறையும் சேர்த்து மூணு நாள் லீவு. கோயமுத்தூரிலிருந்து மாமன் தோட்டத்துக்குப் போயிருந்தோம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிற சாளை அது. மாமனும் அத்தையும் அறுபதைத் தாண்டியவர்கள். ரெண்டு மாடு, ஒரு எருமை, பதினஞ்சு செம்மறி. பிள்ளைகள் பெங்களூரில்.

பலகாரம் தின்ற நேரம் போக மூணு நாளும் வாசலிலும் கட்டுத்தரையிலும்தான் கழிந்தது. அப்போது செய்த வேலைகளையும் ஒவ்வொன்றுக்கும் இருக்கிற காரணத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். பார்க்கச் சில்லறை வேலைகள்தான். ஆனால் அத்தனையும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன: தை மாசம் வரைக்கும் தீனி தாங்குமா?

ஏன் தை வரைக்கும்?

கொங்குச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆனி, ஆடியில் வால்பாறையில் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் சாரலாகவும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட காற்றாகவும்தான் வந்து சேரும். வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். மேட்டாங்காட்டுக்காரர்கள் அதை நம்பித்தான் புரட்டாசி, ஐப்பசியில் தீவனச் சோளம் விதைக்கிறார்கள். அது கதிர் வாங்கி, அறுத்து, காய்ந்து, போராக ஏறுவதற்குத் தை, மாசி ஆகிவிடும்.

அப்படியென்றால் ஐப்பசியில் வாசலில் நிற்கிற தட்டுப்போர் போன வருஷத்துப் போர். எட்டு, ஒன்பது மாசம் உருவி உருவிப் பாதிக்கும் கீழே வந்திருக்கும். பழைய தட்டை அழுக வைக்கிற மழையும் புதுச் சோளத்தை முளைக்க வைக்கிற மழையும் ஒன்றேதான். இடையில் இருக்கிற மூணு மாசத்தை அந்தப் பாதிப் போர்தான் தாண்ட வைக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு உருப்படிக்கு நாளைக்குத் தோராயமாக 7 கிலோ காய்ந்த தட்டு. மூணு உருப்படிக்கு 90 நாள் என்றால் 1,890 கிலோ. கிட்டத்தட்ட ரெண்டு டன். நனைந்து வீணானால் அதை விலைக்குத்தான் வாங்கணும். அந்தச் சமயத்தில் எல்லாரும் வாங்குவார்கள், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கும்.

போரின் வடிவம்

சனிக்கிழமை காலையில் மாமன் முதலில் சொன்னது, "மாப்ள, சித்தெ போருக்குப் போலாம் வாங்க. மேக்க கருக்கல் கட்டுது."

நன்றாகப் போட்ட தட்டுப்போருக்கு மேலே எதுவுமே மூடாவிட்டாலும் ஓரளவு மழையைத் தாங்கும். அதன் வடிவம் அப்படி. அடியில் கல் பரப்பி, மேலே மரக்கட்டைகளைப் போட்டு, தரை ஈரமும் கரையானும் ஏறாமல் தூக்கி அமைப்பார்கள். கட்டுகளின் தூர்ப்பக்கம் வெளியே, தோகைப்பக்கம் உள்ளே. நடுவில் எப்போதும் உயரம் அதிகம். அதனால் ஒவ்வொரு தட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மேலே விழுகிற தண்ணி தட்டின் மேலேயே வழிந்து வெளியே சொட்டிவிடும். கூரை ஓலை எப்படி வேலை செய்கிறதோ, அதே தத்துவம்தான்.

தீனி உருவ ஆரம்பித்ததும் இந்த வடிவம் போய்விடுகிறது. ஒரே பக்கத்தில் உருவிக்கொண்டே வருவதால் அந்தப் பக்கம் செங்குத்தான சுவராக நிற்கும், உச்சியில் பள்ளம் விழும். பெருமழை வருவதும் இந்த நிலைமையில்தான். 20 அடி நீளம், 12 அடி அகலமுள்ள போர் என்றால் மேல்பரப்பு சுமார் 22 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். ஆக 50 மி.மீ. மழை பெய்தால் அந்தப் போரின் தலையில் 1,100 லிட்டர் தண்ணி விழுகிறது. உச்சியில் பள்ளம் இருந்தால் அதில் பெரும்பங்கு உள்ளே இறங்கும்.

அதனால் முதல் வேலை, மேலே ஏறி ரெண்டு வரிசைக் கட்டுகளை எடுத்து நடுவில் திரும்ப அடுக்கி முதுகு எழுப்புவது. இதற்கு மேலே ரெண்டு பேர், கீழே எடுத்துக் கொடுக்க ரெண்டு பேர் வேண்டும். அப்புறம்தான் தார்ப்பாய். பல தோட்டங்களில் இப்போது பழைய பிளக்ஸ் பேனர்தான் போர்வை. கல்யாண மாப்பிள்ளையும் கட்சித் தலைவரும் தட்டுப்போர் மேல் சிரித்துக்கொண்டு கிடப்பார்கள். எதைப் போட்டாலும் தரை வரைக்கும் இழுத்துக் கட்டக் கூடாது. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, பிளாஸ்டிக்கின் அடிப்பக்கம் வேர்த்து, திரும்பத் தட்டின் மேலேயே சொட்டும். உச்சியை மட்டும் மூடி, பக்கவாட்டைக் காற்றுக்கு விட்டுவிட்டு, நாலு மூலையிலும் கல் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

மழை பெய்யும்போது

ஞாயிறு முழுக்க விட்டு விட்டுப் பெய்தது. அப்போது செய்வதெல்லாம் தண்ணிக்கு வழி சொல்கிற வேலை. மம்முட்டியை எடுத்துக்கொண்டு போரைச் சுற்றியும் கட்டுத்தரையைச் சுற்றியும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் இழுத்து இட்டேரிப் பக்கம் திருப்பிவிட்டோம். இட்டேரி என்பது ரெண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகிற மண்பாதை. மழைக்காலத்தில் அதுவே ஓடையாகிப் பக்கத்துப் பள்ளத்தில் போய்ச் சேரும்.

குப்பைக்குழியையும் கவனிக்கணும். திறந்து கிடக்கிற எருவில் மழை இறங்கினால் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கரைந்து ஓடிவிடும். கறுப்பாக ஓடுகிற அந்தத் தண்ணி காட்டுக்குப் போக வேண்டிய உரம். குழி ஓரத்தில் மண் அணைத்து, வெளித் தண்ணி உள்ளே வராமல் பார்த்துக்கொண்டாலே பாதி மிச்சம்.

கட்டுத்தரையில் சாணி வழிக்கும் வேலை வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு. சேற்றிலேயே நின்றால் குளம்பு ஊறி மெதுவாகி, புண்ணுக்கு இடம் கொடுக்கும். செம்மறிப் பட்டியில் இது இன்னும் முக்கியம். ஈரச் சாணியிலும் சேற்றிலும் பெருகுகிற கண்ணுக்குத் தெரியாத சின்னக் கொசு மாதிரியான பூச்சிதான் நீலநாக்கு நோயைப் பரப்புகிறது. தமிழ்நாட்டில் இந்த நோய் தலைகாட்டுவதும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். தடுப்பூசி இருக்கிறது. ஆனால் மழைக்கு முன்பே போட்டால்தான் எதிர்ப்பு சக்தி உருவாக நேரம் கிடைக்கும். மழை நாளில் நம் கையில் இருப்பது பட்டியை மேட்டுக்கு மாற்றுவதும் சாயங்காலம் புகை போடுவதும்தான்.

இடி இடித்தால் மாட்டைத் தனி மரத்தடியிலோ தென்னையிலோ கட்டக் கூடாது. மோட்டார் ரூமுக்கு ஈரக் கையோடு போகக் கூடாது. மின்னல் நெருங்குவதைத் தெரிந்துகொள்ள புனேயில் இருக்கிற இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'தாமினி' செயலி இருக்கிறது. அத்தைக்குப் போனில் போட்டுக் கொடுத்தேன்.

மழை வெறித்த பிறகு

திங்கட்கிழமை வெயில் வந்தது. ஆபத்து இனிமேல்தான்.

முதலாவது, போருக்குள் சூடு. தட்டில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும், உள்ளே சூடேறும். ஒரு இரும்புக் கம்பியைப் போரின் நடுவில் சொருகி, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கலாம். கை பொறுக்காத சூடு இருந்தால் அந்த இடத்தைப் பிரித்துக் காயப்போடணும்.

இரண்டாவது, பூசணம். கறுத்துப்போன கட்டைத் தனியாக எடுத்துக் குப்பைக்குழியில் போடுவதே நல்லது. சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். மாடு தின்றால் அது ஈரலில் வேறு வடிவமாக மாறிப் பாலில் வரும். காய்ச்சினாலும் போகாது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. தட்டைவிடக் கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் இவற்றில் இந்த ஆபத்து அதிகம். அதனால் புண்ணாக்கு மூட்டையைச் சுவரை ஒட்டித் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி வைத்தோம்.

மூன்றாவது, பச்சை. வறட்சியில் வாடிக் கிடந்த சோளத்தின் தூரிலிருந்து மழைக்குப் புதுக் குருத்து கிளம்பும். பார்க்க ஆசையாக இருக்கும். அதில் துர்ரின் என்ற பொருள் இருக்கிறது. மென்று விழுங்கியதும் அது ஹைட்ரஜன் சயனைடாக மாறும். மாடு மூச்சு வாங்கித் தள்ளாடி, சில சமயம் அரை மணி நேரத்துக்குள் செத்துவிடும். கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும் ஊசியாகப் போட்டால் பிழைக்கும். ஆனால் அவர் வந்து சேரணுமே. பக்கத்துத் தோட்டத்தில் போன வருஷம் ஒரு சினைமாடு இப்படித்தான் போனது. பூவெடுத்த பிறகு அறுத்துப் போடுவதும், நன்றாகக் காயவைத்துப் போடுவதும்தான் பயமில்லாத வழி. செம்மறிக்கும் இதே மாதிரி ஒரு கண்டம் உண்டு. மழைக்குப் பிந்தின இளம்புல்லைத் திடீரென்று வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வரும். கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் துளிர்த்து நிற்பதைப் பார்த்தாலும் படலை உடனே திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, புல் வேர் பிடித்துத் தூர் கட்ட வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும்.

ஆக, சுற்றிலும் பச்சையாக இருக்கிற மாசத்தில்தான் காய்ந்த தட்டுக்கு மதிப்பு அதிகம். பச்சையைத் தொடும் முன் காலையில் ரெண்டு வாய் தட்டு போட்டுவிட்டு அவிழ்ப்பது பழைய வழக்கம். வயிறு பாதி நிறைந்திருந்தால் பச்சைமேல் பாயாது.

ஆள் கணக்கு

இந்த வேலைகளில் புரியாதது எதுவும் இல்லை. மாமனுக்கு எல்லாமே தெரியும். சிக்கல் ஆள் கணக்கில்தான். தட்டுப்போரின் முதுகை எழுப்ப நாலு பேர் வேண்டும். அந்தச் சாளையில் இருப்பது ரெண்டு பேர். காங்கேயம், வெள்ளகோவில், திருப்பூர்ப் பக்கம் மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு நாள் போர் வேலைக்கு அவர்களுக்கு அங்கே கிடைக்கிற கூலியை மாமனால் கொடுக்க முடியாது. போர் நனைந்தால் தட்டு வாங்கணும், தட்டு வாங்கினால் பால் காசு அதற்கே போய்விடும். அப்புறம் மாட்டை விற்பதுதான் மிச்சம். பல வாசல்களில் கட்டுத்தரை காலியானது இந்த வரிசையில்தான்.

"எருமைய இந்த ஐப்பசியோட குடுத்தரலாம்னு இருந்தேன்" என்று மாமன் திங்கட்கிழமை மத்தியானம் சொன்னார். போரில் நின்றது எத்தனை கட்டு என்று அத்தை எண்ணி வைத்திருந்தார். கெட்டுப்போனது கழித்து, தை பத்து தேதி வரைக்கும் வரும். எருமையை விற்கிற பேச்சு அதுவரைக்கும் தள்ளிப்போயிருக்கிறது. சோள அறுப்புக்கு, பொங்கல் லீவில், நாலு பேராக வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.