மண்ணோடு ஒட்டும் ஈயம்... தண்ணீரோடு ஓடும் குரோமியம்!

திருநின்றவூர் பக்கம் மனை வாங்கி, பள்ளமாக இருக்கிறதே என்று நாலு லாரி மண் கொட்டி மேடாக்கி, போர் போட்டுக் குடியேறியவர்கள் நிறையப் பேர். அந்த மண் எங்கேயிருந்து வந்தது என்று யாராவது விசாரித்தோமா? தொழிற்சாலைக் கழிவு கலந்த மண்ணாக இருந்தால்? கும்மிடிப்பூண்டி மாதிரி தொழிற்பேட்டைகளை ஒட்டி வசிப்பவர்களுக்கும் இதே கவலை உண்டு.

மண்ணில் விழுந்த உலோகம் என்ன ஆகும்? இரண்டு உதாரணம் பார்ப்போம்.

முதலில் ஈயம். களிமண், மட்கிய தழை, செம்மண்ணுக்கு நிறம் தரும் இரும்புத் துரு எல்லாமே ஈயத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் மழை பெய்தாலும் அது சுலபத்தில் கீழே இறங்காது, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்கள் மூடிப் பல தலைமுறை ஆன பிறகும், சுற்றுப்புற மண்ணில் ஈயம் இருக்கிறது. ஆனால் பழைய பேட்டரியை உடைத்து ஆசிட்டைக் கொட்டும் இடங்களில் இந்தப் பிடி தளர்ந்துவிடும்.

அடுத்தது குரோமியம். இதில் ஒரு வகையை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். மஞ்சள் நிறமான இன்னொரு வகையோ தண்ணீரில் கரைந்து நிலத்தடிக்குப் போய்விடும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது இதுதான். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் கழிவு, லட்சக்கணக்கான டன் மலையாகக் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது ஊரறிந்த கதை.

ஆக, ஈயம் என்றால் குழந்தையின் கையைக் கவனியுங்கள். குரோமியம் என்றால் கிணற்றைக் கவனியுங்கள்!

வாயில் போகும் ஈயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். மூளை வளர்ச்சி பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது.

என்ன செய்யலாம்?

* சாப்பிடும் முன் குழந்தையின் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செருப்பை வாசலிலேயே விடச் சொல்லுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.

* கீரையை மண் போக அலசுங்கள். கிழங்குகளைத் தோல் சீவுங்கள். மண்ணில் சந்தேகம் இருந்தால் தொட்டியில் நல்ல மண் போட்டுப் பயிரிடலாம்.

* இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்தால் உடல் ஈயத்தை அதிகம் ஏற்கும். வெறும் வயிறும் அப்படித்தான். கேழ்வரகு, பால், பயறு கொடுங்கள்.

* தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், உலோகம் போகாது. பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஈயம், குரோமியம் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். குடிநீரில் லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

அடுத்த முறை மண் லாரி வந்து நின்றால், விலை கேட்பதற்கு முன்னால், "எந்த ஊர் மண்ணுப்பா?" என்று கேளுங்கள்.