குழாய்க்குள் பிறக்கும் கல்

உப்புத் தண்ணீர் ஊர்களில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஒட்டிக்கிடக்கும். சுரண்டினால் உதிர்ந்துவிடும். எண்ணெய்க் கிணற்றின் குழாயிலும் இப்படித்தான் கல் படிகிறது. அங்கே ஆழம் கிலோமீட்டர் கணக்கு. கைவிட்டுச் சுரண்ட முடியாது. வட கடலில் உள்ள மில்லர் எண்ணெய் வயலில் நாளுக்கு 30,000 பீப்பாய் தந்துகொண்டிருந்த ஒரு கிணறு, படிவு அடைத்ததால் 24 மணி நேரத்தில் முற்றிலும் நின்றுபோனது.

எண்ணெயோடு நிலத்தடி நீரும் மேலே வருகிறது. வட கடலின் பல வயல்களில் அந்த நீரில் பேரியம் கரைந்திருக்கிறது. பாறையின் அழுத்தம் குறையாமலிருக்கக் கடல்நீரை உள்ளே செலுத்துவார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் உண்டு. இரு நீரும் கலக்கும் இடத்தில் பேரியம் சல்பேட் பிறக்கிறது. எக்ஸ்ரே எடுப்பதற்குமுன் மருத்துவமனையில் குடிக்கத் தருகிறார்களே, அதே பொருள்தான். தண்ணீரில் கரையாததால் அது வயிற்றுக்குத் தீங்கு செய்வதில்லை. அதே காரணத்தால்தான் குழாயைவிட்டு அகலவும் மறுக்கிறது. சுண்ணாம்புப் படிவை அமிலம் ஊற்றிக் கரைக்கலாம். பேரியம் சல்பேட் அமிலத்துக்கும் அசையாது.

ஆகவே படியுமுன்பே கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கத்தில் படிகங்கள் சில மைக்ரான் அளவில் நீரில் மிதக்கும். தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். நீரைப் புட்டியில் பிடித்து, 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் வடிகட்டி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய வழி. இதில் ஒரு சிக்கல் உண்டு. புட்டிக்குள் வந்ததும் அழுத்தம் குறைகிறது, சூடு தணிகிறது, நீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்று பட்டுத் துருவாகிறது. குழாயில் இல்லாத துகள்கள் புட்டியில் புதிதாகப் பிறந்துவிடும்.

அதனால்தான் கேமராவைக் குழாய்க்கே கொண்டுபோகிறார்கள். அழுத்தத்தைத் தாங்கும் நீலக்கல் கண்ணாடிச் சன்னல் வழியே ஒளி பாய்ச்சி, ஓடும் நீரைப் படம் எடுக்கிறது கருவி. கணினி ஒவ்வொரு துகளையும் அளக்கிறது. எண்ணெய்த் துளி உருண்டையாக இருக்கும். படிகத்துக்கு மூலையும் விளிம்பும் இருக்கும். லேசர் ஒளிச்சிதறல் துகளின் அளவை நன்றாகச் சொல்லும், ஆனால் துளியையும் படிகத்தையும் பிரித்துக் காட்டாது. படம் அதைக் காட்டுகிறது. எனினும் மணலா, பேரியம் சல்பேட்டா என்று வடிவத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு வடிதாளும் ஆய்வகமும் இன்றும் தேவை.

இந்த அளவீடு மருந்திடும் நாளைக் குறிக்க உதவுகிறது. படிவைத் தடுக்கும் பாஸ்போனேட் போன்ற மருந்தைப் பாறைக்குள் செலுத்துவார்கள். அது மெல்ல மெல்ல நீரோடு திரும்பி வந்து, பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே படிகத்தை வளரவிடாது. மருந்து தீரும்போது துகள்கள் கூடத் தொடங்கும். அதைக் கண்டதும் மறுபடி மருந்திட்டால் கிணறு பிழைக்கும்.

பேரியம் சல்பேட் படிகம் வளரும்போது நீரிலுள்ள ரேடியத்தையும் தன்னுள் சேர்த்துக்கொள்வதால், படிந்த கல் கதிர்வீச்சு உடையது. அடைத்த குழாயைச் சுத்தம் செய்பவர்தான் அதன் அருகே நிற்க வேண்டும். சில மைக்ரான் துகளை உரிய நேரத்தில் கண்டுகொண்டால், அந்தத் தொழிலாளிக்கு அந்த வேலையே வராது.