ஒரு நூலும் இரு தீர்ப்பும்

கனடாவிற் பிறந்த வில்லியம் பால் யங் என்பார் தம் மக்கள் படிக்கும்பொருட்டு எழுதி, 2005-ஆம் ஆண்டில் 15 படிகளே எடுப்பித்த கதை, 2007-இல் நூலாகி உலகெங்கும் பரவியது. பாழ்ங்குடில் எனப் பொருள்படும் 'தி ஷேக்' என்பதே அதன் பெயர். சிறுமகளைக் கொலைக்குப் பறிகொடுத்த தந்தையொருவன், அத்துயரோடு தொடர்புற்ற குடிலிலே திரியேக தேவனைக் காண்கின்றான். ஆங்குப் பிதா கறுப்பினப் பெண்ணுருவிலும், குமாரன் தச்சராகவும், பரிசுத்த ஆவியார் சரயு என்னும் ஆசிய மாதாகவும் தோன்றுகின்றனர்.

யூஜீன் பீட்டர்சன் என்னும் போதகர் இதனைப் பனியனது 'மோட்ச பிரயாண'த்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். இறையியலறிஞர் ஆல்பர்ட் மோலரோ, திரித்துவ உபதேசம் இதில் திரிபுற்றதெனக் கடிந்தார்.

இம்மாறுபாட்டின் காரணம் யாது? துயருற்றோர், 'எம் பிள்ளை மாண்டபோது கடவுள் எங்கிருந்தார்?' என வினவிப் படித்தனர். கண்டித்தோர், 'கடவுளைக் குறித்துக் கூறியவை மெய்யோ?' என வினவிப் படித்தனர். வினா வேறாகவே விடையும் வேறாயிற்று.

பனியனைத் தழுவிக் கிருஷ்ண பிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிக'த்தில் (1894) யாத்திரிகன் சுமக்கும் பாரம் பாவத்தின் உருவகமென நாம் எளிதில் உணர்கின்றோம். அவ்வாறே பெண்ணுருவையும் உருவகமெனக் கொள்ளலாம். ஆயின், யங் கடவுளின் வாயில் வைத்த நீண்ட உரைகள் உருவகமல்ல, போதனையே. அவற்றை வேதத்தோடு ஒத்துநோக்கல் நம் கடன். அந்தத் தந்தையோடு அழுதலும் நம் கடனே. ஒன்றைச் செய்வார் மற்றொன்றைச் செய்வாரை இகழாதிருப்பாராக.