வேலூர் ஆராய்ச்சியும் உங்கள் வீட்டுக் குழந்தையும்!

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தாய், எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தாள். "டாக்டரய்யா, ரெண்டு நாளா கழிச்சல். மாந்தம்னு எங்க மாமியார் சொல்றாங்க. ஏதாச்சும் சூரணம் கொடுங்க" என்றாள். குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அழுதது, கண்ணீர் வரவில்லை. சூரணத்துக்கு அது நேரமில்லை! ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூனால் புகட்டிக்கொண்டே போகச் சொல்லி, ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். குழந்தை பிழைத்தது.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். மாந்தம் என்று நாங்கள் சொல்லும் கழிச்சல்களில் கணிசமானவை ரோட்டா வைரஸின் வேலை என்பதை எனக்குப் புரியவைத்தது, பக்கத்து வேலூரில் நடந்த ஒரு ஆராய்ச்சிதான்.

டாக்டர் ககன்தீப் காங் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் படித்து, அங்கேயே பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தவர். 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஃபெல்லோ ஆனார். இந்தியாவில் பணியாற்றிய பெண் விஞ்ஞானிகளில் அந்தப் பெருமை முதலில் கிடைத்தது அவருக்குத்தான். 300-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்.

"அவ்வளவு எழுதி என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். விஞ்ஞானிகளும் அதையேதான் கேட்கிறார்கள்! அதற்காக 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியல் அறிஞர் 'எச்-இன்டெக்ஸ்' என்று ஒரு கணக்குப் போட்டார். நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மாமிக்கு முப்பது பதார்த்தம் செய்யத் தெரியும். அதில் ஐந்துக்கு மட்டும் தலா ஐந்து பேராவது பக்குவம் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள் என்றால், மாமியின் மதிப்பெண் 5. கட்டுரைக்கும் அப்படித்தான். எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள் என்பதே கணக்கு.

எங்கள் துறையிலும் மேற்கோள் உண்டு. "அகத்தியர் சொன்னார்" என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. விஞ்ஞானத்தில் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்! 1996-ல் மெக்ஸிகோவில் 200 குழந்தைகளைக் கவனித்த ஒரு ஆய்வு வெளிவந்தது. இரண்டு முறை ரோட்டா தொற்று வந்துவிட்டால், அதன்பின் கடுமையான கழிச்சலே வராது என்றது. உலகமே அதை மேற்கோள் காட்டியது. நம்ம ஊர்க் குழந்தைக்கும் அது பொருந்துமா?

வேலூரில் பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த நெருக்கமான தெருக்களில், 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வீடு வீடாகப் போய் மலம் சேகரித்துச் சோதித்தார்கள். (இந்த வேலையைச் செய்த களப்பணியாளர்களை எந்த இன்டெக்ஸும் எண்ணுவதில்லை!) 2011-ல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள்ளேயே 56 சதவிகிதக் குழந்தைகளுக்குத் தொற்று வந்திருந்தது. மூன்று முறை தொற்று வந்த பிறகும் மிதமான, கடுமையான கழிச்சலுக்கு எதிராகக் கிடைத்த பாதுகாப்பு 79 சதவிகிதம்தான். மெக்ஸிகோ கணக்கு இங்கே செல்லுபடியாகவில்லை.

அதனால்தான் இங்கே தடுப்பு மருந்தை நம் குழந்தைகளிடமே சோதிக்க வேண்டியிருந்தது. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சேர்த்து 6,799 குழந்தைகளிடம் 'ரோட்டாவாக்' பரிசோதிக்கப்பட்டது. முதல் வயதில் கடுமையான ரோட்டா கழிச்சலை அது சுமார் 56 சதவிகிதம் குறைத்தது என்று 2014-ல் வெளியிட்டார்கள். "பாதிதானா?" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். டிரிப்ஸ் ஏற்றி வார்டில் படுக்க வேண்டிய இரண்டு குழந்தைகளில் ஒன்று, வீட்டிலேயே விளையாடுகிறது!

தமிழ்நாட்டில் 2017 முதல் ரோட்டா சொட்டு மருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். 6, 10, 14 வாரங்களில், வாய்வழியே. போட்ட பிறகும் வேறு கிருமிகளால் கழிச்சல் வரலாம். அப்போது தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். டாக்டர் எழுதித் தரும் ஜிங்க் மருந்தை 14 நாளும் முழுசாகக் கொடுங்கள்.

அந்தத் தாய் பத்து நாள் கழித்துக் குழந்தையோடு வந்தாள். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். ரோட்டாவுக்கு ஒரு தவணைதான் குறித்திருந்தது. "ஊருக்குப் போயிட்டேன், விட்டுப் போச்சுங்கய்யா" என்றாள். அட்டையோடு அன்றே சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன்.