ஐரோப்பாவை வென்ற பீங்கான் நகரம்

பிரான்ஸ் தேசத்தில், பாரிஸுக்குத் தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் தூரத்தில் லிமோஜ் என்ற நகரம் இருக்கிறது. ஜனத்தொகை ஒன்றேகால் லட்சத்தைச் சற்றுத் தாண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்து மண்ணில் உயர்ந்த ரக வெண்களிமண் அகப்பட்டது. அதிலிருந்து லிமோஜ் பீங்கானுக்கு உலகப் பிரசித்தி. பெரிய விருந்துகளில் தட்டைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் அடியில் இந்த ஊரின் பெயரைப் படித்திருப்பார்கள்.

அதே ஊருக்கு இன்னொரு கீர்த்தியும் உண்டு. ஆண்கள் கூடைப்பந்தில் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையை வென்ற முதல் பிரெஞ்சுக் கழகம் இந்த ஊரின் கழகம்தான். பாரிஸுக்கோ லியோனுக்கோ அதற்கு முன் கிடைக்காத பாக்கியம் இந்தச் சின்ன நகரத்துக்கு எப்படிக் கிடைத்தது? கிடைத்ததை அது எப்படி இழந்தது? இரண்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்.

மாதா கோவில் பிள்ளைகள்

கழகத்தின் பெயர் 'செர்க்ல் சேன் பியேர்'. புனித இராயப்பர் சங்கம் என்று பொருள். பெயரே அதன் பிறப்பைச் சொல்லும். கோவிலைச் சார்ந்த வாலிபர்கள் ஓய்வு நேரத்தில் ஓடியாடி விளையாடுவதற்காக ஏற்பட்ட சங்கம் அது. கூடைப்பந்துக் கழகம் 1929-ம் ஆண்டைத் தன் பிறந்த வருஷமாகக் கொண்டாடுகிறது. பிறகு ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் அதை வெளியூரில் யாரும் பெரிதாக எண்ணவில்லை.

1970-களின் இறுதியில் கழகம் தேசத்தின் முதல் பிரிவுக்கு ஏறிற்று. 1979-ல் ரிஷார் தாகூரி என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். ஐவரி கோஸ்டிலுள்ள அபிஜானில் பிறந்தவர். எதிரியின் ஆட்டத்தை முடக்குவதில் சமர்த்தர். அடுத்த பதினேழு வருஷமும் அவர் லிமோஜை விட்டு நகரவில்லை. பெரிய நகரத்துக் கழகங்கள் ஆண்டுதோறும் ஆட்களை மாற்றிக்கொண்டிருக்க, இங்கே ஒரு முதுகெலும்பு நிலைத்து நின்றது.

1981-ல் போப்லான் என்ற இடத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய விளையாட்டு மண்டபம் எழுந்தது. ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் அது சாமானியமான மண்டபமல்ல. ஆனாலும் முக்கியமான பந்தயமென்றால் இடம் போதவில்லை! பந்தய நாளன்று ஊரில் வேறு பேச்சே இருப்பதில்லை.

1982-லும் 1983-லும் கோராச் கோப்பை லிமோஜுக்கு வந்தது. இரண்டு முறையும் இறுதிப் பந்தயத்தில் தோற்றது யுகோஸ்லாவியாவின் ஷிபெங்கா கோஷ்டி. அந்தக் கோஷ்டியில் அன்று ஆடிய பையன் டிராஷென் பெட்ரோவிச், பிற்காலத்தில் அமெரிக்காவும் கொண்டாடிய வீரர். 1983-ல் முதன்முறையாகப் பிரான்ஸின் சாம்பியன் பட்டம். 1988-ல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான சாம்பியன் கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. 1990-ல் கடைசி நால்வரில் ஒருவராக வந்தும், அரை இறுதியில் ஸ்பிலிட் நகரத்துக் கோஷ்டியிடம் லிமோஜ் தோற்றது.

அந்த ஸ்பிலிட் கோஷ்டியின் பயிற்சியாளர் பொஷிதார் மால்கோவிச். 1992-ல் லிமோஜ் அவரையே அழைத்து வந்தது. தோற்கடித்தவரையே வாத்தியாராக்கிக்கொண்டார்கள்!

கஞ்சத்தனமே பலம்

மால்கோவிச் தம் கையிலிருந்ததைக் கணக்குப் பார்த்தார். பெரிய கழகங்களின் பணம் இல்லை. அமெரிக்கர் மைக்கேல் யங் புள்ளி சேர்ப்பார். ஸ்லோவேனியர் யூரி ஸ்டோவ்ட்ஸ் ஆட்டத்தை நடத்துவார். தாகூரியும் ஜிம் பில்பாவும் எதிரியை மறிப்பார்கள். ஓடி ஆடி நூறு புள்ளி குவிக்கும் பந்தயத்தில் இவர்கள் பெரியவர்களுக்கு ஈடாக மாட்டார்கள். ஆகவே ஓட்டத்தையே நிறுத்திவிடுவது என்று அவர் தீர்மானித்தார்.

அந்தக் காலத்து ஐரோப்பிய விதிப்படி, பந்தைப் பெற்ற கோஷ்டி 30 விநாடிக்குள் அதைக் கூடையை நோக்கி எறிய வேண்டும். லிமோஜ் வீரர்கள் அவசரப்படவில்லை. அந்த அவகாசத்தில் பெரும்பகுதியைக் கைமாற்றிக் கைமாற்றியே கழித்தார்கள். பந்து இவர்களிடம் இருக்கும் நேரமெல்லாம் எதிரியால் புள்ளி எடுக்க முடியாதல்லவா? பந்து எதிரியிடம் போனாலோ, ஐந்து பேரும் சுவர்போல் நின்றார்கள். பார்க்க அழகில்லை, தூக்கம் வருகிறது என்று விமரிசகர்கள் முகம் சுளித்தார்கள். லிமோஜ் அதைச் சட்டை செய்யவில்லை.

1993 ஏப்ரலில் ஏதென்ஸில் இறுதிக் கட்டம். அரை இறுதியில் எதிர்ப்பட்டது ஸ்பெயினின் ரியல் மாட்ரிட். அதில் ஏழடிக்கு மேல் உயர்ந்த சபோனிஸ் இருந்தார். அந்த மாபெரும் கழகம் எடுக்க முடிந்தது 52 புள்ளிகளே! லிமோஜ் 62 எடுத்தது.

ஏப்ரல் 15-ந் தேதி இறுதிப் பந்தயம். எதிரி இத்தாலியின் பெனட்டன் திரெவிஸோ. அதன் நட்சத்திரம் டோனி குகோச்; ஸ்பிலிட்டில் மால்கோவிச்சிடமே ஆடியவர். குருவும் சிஷ்யரும் எதிரெதிர் அணியில்! கடைசி விநாடிகளில் லிமோஜ் மயிரிழையில் முன்னே இருந்தது. பந்து குகோச்சின் கையில். அப்போது பிரெடெரிக் ஃபோர்ட் என்ற 23 வயது வீரர் பாய்ந்து கையை நீட்டிப் பந்தைப் பறித்தார். ஆட்டம் முடிந்தது. லிமோஜ் 59, திரெவிஸோ 55.

ஆறு வாரம் கழித்து மார்சேய் நகரம் கால்பந்தில் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது தேசமே ஆடியது. 'நாங்கள் முந்திக்கொண்டோம்' என்று லிமோஜ்காரர்கள் இன்றும் மார்தட்டுவார்கள்.

வெற்றியும் வீழ்ச்சியும்

கோப்பை வந்தது, செலவும் கூடவே வந்தது. சிறிய நகரத்துக் கழகத்துக்கு வருமானம் நகரசபையின் மானியம், உள்ளூர்க் கம்பெனிகளின் ஆதரவு, டிக்கெட் விற்பனை ஆகியவைதான். இவை ஒரு வரம்பைத் தாண்டி வளர்வதில்லை. சாம்பியன்களின் சம்பளத்துக்கோ வரம்பில்லை. சில வருஷங்களில் கடன் மலையாகக் குவிந்தது.

2000-ம் ஆண்டில் நடந்தது வேடிக்கையும் வேதனையும் கலந்தது. துஷ்கோ இவானோவிச்சின் பயிற்சியில் லிமோஜ் ஒரே பருவத்தில் பிரான்ஸ் சாம்பியன் பட்டம், பிரான்ஸ் கோப்பை, கோராச் கோப்பை மூன்றையும் வென்றது. கோராச் கோப்பையில் தோற்ற மலாகா கோஷ்டியின் பயிற்சியாளர் பழைய மால்கோவிச்தான்! ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பார்த்த அதிகாரிகள் கழகத்தை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளினார்கள். பந்தயத்தில் யாரும் வெல்ல முடியாத கோஷ்டியைப் பற்று வரவு வென்றுவிட்டது. மீண்டு வந்தும் நிலைக்கவில்லை. 2004-ல் பழைய நிர்வாகம் திவாலாகி, கழகம் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது.

அந்த வேளையில் தலைமைப் பொறுப்பை ஏற்க முன்வந்தவர், ஏதென்ஸில் பந்தைப் பறித்த அதே பிரெடெரிக் ஃபோர்ட். அப்போது அவருக்கு வயது 34. ஊரார் கைவிடவில்லை. ஐரோப்பியச் சாம்பியனைப் பார்த்துப் பழகிய ஜனங்கள் கீழ்ப் பிரிவுப் பந்தயங்களுக்கும் ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்கிப் போப்லான் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். படிப்படியாகத்தான் ஏற முடிந்தது. ஏறி, ஒருமுறை சறுக்கி, மறுபடியும் ஏறினார்கள். 2014-ல் லிமோஜ் மீண்டும் பிரான்ஸ் சாம்பியன். 2015-லும் அப்படியே. அது பதினோராவது பட்டம்.

2017 டிசம்பர் 31-ந் தேதி ஃபோர்ட் திடீரென்று காலமானார். வயது 47தான். ஆட்டக்காரராக ஒரு கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தவர் என்று வெளியூர்ப் பத்திரிகைகள் அவரைப் பாராட்டின. லிமோஜ் மக்களோ அதைவிடப் பெரிய காரியம் ஒன்றுக்காக அவரை நினைக்கிறார்கள். கோப்பையை வெல்ல நாற்பது நிமிஷம் பிடித்தது. கழகத்தை மீட்க அவருக்குப் பத்து வருஷம் பிடித்தது.