ஒருமுறை எழுதினால் போதும்

லால்குடியிலிருந்து அரியலூர் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்குக் கல்லக்குடி தெரியும். டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி 1953இல் தண்டவாளத்தில் படுத்து மறியல் நடத்திய ஊர். அந்தப் பெயருக்குக் காரணமான சிமெண்ட் ஆலை 1939இல் அங்கே தொடங்கியது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த நிலத்தின் மேல் கடல் கிடந்தது. அக்கடலின் பவளங்களும் பாசிகளும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்தான் ஆலையை லால்குடி வட்டத்துக்கு இழுத்துவந்தது. இன்று அரியலூர் வரைக்கும் அந்தக் கல்லை நம்பிப் பல ஆலைகள் நிற்கின்றன.

அப்படிப்பட்ட ஓர் ஆலையின் வாசலில் லாரி ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். திருவரங்கத்தில் கடை வைத்திருக்கும் டீலருக்கு 320 மூட்டை போகவேண்டும். மூட்டைக்கு 50 கிலோ, மொத்தம் 16 டன். இந்த 320 என்ற எண் எத்தனை பேருக்குத் தேவை என்று எண்ணிப் பாருங்கள். டீலரின் பழைய பாக்கி எவ்வளவு, இன்னும் கடன் கொடுக்கலாமா என்று விற்பனைப் பிரிவு பார்க்கவேண்டும். பேக்கிங் பிரிவு மூட்டையை ஏற்றவேண்டும். எடைமேடையில் காலி லாரியையும் நிறை லாரியையும் எடை போட்டுக் கழிக்கவேண்டும். கணக்குப் பிரிவு இன்வாய்ஸ் போடவேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கில் வரி ஏறவேண்டும். மாநிலத்துக்குள்ளேயே ஓடினாலும் சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் எடுக்கவேண்டும். அத்தனையும் முடிந்தபிறகுதான் கேட் பாஸ்.

கார்பன் தாள் காலத்தில் இந்த 320ஐ ஆறு பேர் ஆறு பேரேடுகளில் எழுதினார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். ஒருவர் 302 என்று எழுதிவிட்டால் மாதக் கடைசியில் ஸ்டோர்ஸ் கணக்கும் விற்பனைக் கணக்கும் ஒட்டாது. யார் கை பிசகியது என்று தேடுவதிலேயே மூன்று நாள் போகும். பிரிவுக்கு ஒரு கணினி வந்த பிறகும் இந்தச் சங்கடம் தீரவில்லை. பேரேடுகள் இருந்த இடத்தில் தனித்தனிக் கோப்புகள் வந்தன, அவ்வளவுதான். ஒரு கணினி அச்சடித்துக் கொடுத்ததைப் பார்த்து இன்னொரு கணினியில் தட்டினார்கள்.

ஈ.ஆர்.பி. என்று தொழிற்சாலைகளில் சொல்லப்படும் ஒருங்கிணைந்த நிர்வாக மென்பொருள் இந்தப் பிரதியெடுக்கும் வேலையைத்தான் ஒழிக்கிறது. ஒரு தகவல் எங்கே பிறக்கிறதோ அங்கே, அதைக் கண்ணால் பார்க்கிறவர், ஒரே ஒருமுறை எழுதுவார். மற்ற எல்லோரும் அதே பதிவைப் பார்ப்பார்கள். எடைமேடையில் எடை பதிவான கணமே இருப்பில் 320 மூட்டை குறைகிறது, டீலரின் பாக்கி கூடுகிறது, வரிப் பொறுப்பு ஏறுகிறது. யாரும் யாருக்கும் சீட்டு அனுப்பவில்லை. பிரிவுகள் ஆறாக இருந்தாலும் பதிவு ஒன்றுதான்.

இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் எளிமையாகத் தோன்றும், ஆனால் அதை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்ற கணிதவியலாளர் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு உண்மையையும் ஒரே இடத்தில் வைத்து, தேவைப்படும்போது அட்டவணைகளை இணைத்துப் படிக்கலாம் என்றார். டீலரின் முகவரி டீலர் அட்டவணையில் மட்டும் இருக்கும். ஆயிரம் இன்வாய்ஸ் போட்டாலும் அவற்றில் டீலரின் எண்தான் இருக்கும். அவர் கடையை மாற்றினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

அடுத்து, 'எல்லாம் நடக்கவேண்டும், இல்லையேல் எதுவும் நடக்கக்கூடாது' என்ற விதி. இருப்பில் 320 குறைந்து, டீலர் கணக்கில் ஏறுவதற்குள் மின்சாரம் போய்விட்டால்? சரக்கு போய்விட்டது, பணம் யாரும் தரவேண்டியதில்லை என்று கணக்கு நின்றுவிடும். தரவுத்தளம் இதை அனுமதிக்காது. செய்யப்போவதை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். பாதியில் நின்றால், மீண்டும் உயிர் பெற்றதும் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, முடியாத காரியத்தை அடியோடு ரத்து செய்துவிடும். கடைசி 320 மூட்டையை ஒரே நேரத்தில் இரண்டு விற்பனையாளர்கள் இரண்டு டீலர்களுக்கு விற்கப் பார்த்தால், முதலில் தொட்டவர் பெயரில் பூட்டு விழும், அடுத்தவர் காத்திருக்கவேண்டும். ரயில் முன்பதிவில் ஒரே படுக்கை இருவருக்குப் போகாமல் காப்பதும் இந்தப் பூட்டுதான்.

ஒரு உண்மை ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் பலன் 2025 செப்டம்பர் 22 அன்று தெரிந்தது. அன்று முதல் சிமெண்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய முறையில் ஒவ்வொரு கிடங்கிலும் ஒவ்வொரு மேசையிலும் விலைப்பட்டியலை மாற்றியிருக்கவேண்டும். இத்தகைய மென்பொருளில் வரி விகிதம் ஓர் அட்டவணையின் ஒரு வரி. எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று எழுதி வைத்துவிட்டால், நள்ளிரவுக்குப் பிறகு போடும் முதல் இன்வாய்ஸே புதிய வரியோடு வெளிவரும்.

இந்த மென்பொருளின் வேர் கணக்கு வழக்கில் இல்லை, தொழிற்கூடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளத் திருச்சிக்குக் கிழக்கே, திருவெறும்பூருக்குப் போகலாம். செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்போடு அமைந்த உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை, நாம் பெல் என்று சொல்வது, 1965இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. பெரிய அனல் மின்நிலையக் கொதிகலன் ஒன்றில் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு எஃகுக் குழாய்கள் இருக்கும். டிரம், ஹெட்டர், வால்வு, தாங்குசட்டம் என்று ஆயிரக்கணக்கான உறுப்புகள். எதை எப்போது வாங்குவது, எதை எப்போது வெட்டத் தொடங்குவது? முன்கூட்டியே வாங்கினால் பணம் முற்றத்தில் துருப்பிடிக்கும். பின்தங்கினால் ஒரு வால்வுக்காக மொத்தக் கொதிகலனும் காத்திருக்கும்.

1960கள் வரை உலகெங்கும் இதற்கு இருந்த வழி, இருப்பு இவ்வளவுக்குக் கீழே இறங்கினால் மறுபடி வாங்கு என்பதுதான். ஜோசப் ஆர்லிக்கி என்ற பொறியாளர் அது தவறு என்றார். செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து அமெரிக்கா போய், டிராக்டர் செய்யும் ஜே.ஐ. கேஸ் நிறுவனத்திலும் பிறகு ஐ.பி.எம்.மிலும் வேலை பார்த்தவர். எத்தனை டிராக்டர் விற்கும் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை சக்கரம் வேண்டும் என்பதை ஏன் ஊகிக்கவேண்டும்? பெருக்கினால் தெரிந்துவிடுமே என்றார். கேட்டபிறகு இதைவிட வெளிப்படையானது எதுவும் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான உறுப்புகளுக்கு, தேதி வாரியாக, பின்னோக்கிக் கணக்குப் போட மனிதக் கைகள் போதாது. கணினி வந்த பிறகுதான் அது கைகூடியது.

கணக்கு இப்படி ஓடும். ஒரு உறுப்பு டிசம்பர் 1 அன்று அனுப்பப்படவேண்டும். சோதிக்கப் பத்து நாள் என்றால் நவம்பர் 21க்குள் பற்றவைப்பு முடியவேண்டும். பற்றவைக்க இருபது நாள் என்றால் நவம்பர் 1 அன்று குழாயும் தகடும் கையில் இருக்கவேண்டும். தகடு வந்துசேர மூன்று மாதம் ஆகும் என்றால் ஆகஸ்ட் 1 அன்றே ஆர்டர் போயாகவேண்டும். கிடங்கில் ஏற்கெனவே இருப்பதையும், வழியில் வந்துகொண்டிருப்பதையும் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும். ஒவ்வொரு உறுப்புக்கும் இதே கணக்கு. ஆர்லிக்கி 1975இல் இதைப் புத்தகமாக எழுதினார். உற்பத்தித் திட்டமிடல் படிப்பவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சரக்கை அறிந்த அந்த மென்பொருளுக்குப் பணம் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் முக்கியமானவர்கள், 1972இல் ஐ.பி.எம்.மை விட்டு வெளியே வந்த ஐந்து ஜெர்மன் பொறியாளர்கள். சாப் என்று நம் ஆலைகளில் சொல்லும் நிறுவனம் அப்படிப் பிறந்தது. ஒரு நைலான் தொழிற்சாலைதான் அவர்களுடைய முதல் வாடிக்கையாளர். அன்றைக்கு மற்றவர்கள் துளையிட்ட அட்டைகளில் நாள் முழுக்கச் சேர்த்ததை இரவில் கணினிக்குள் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் திரையில் தட்டியதும் அப்போதே கணக்கில் ஏறவேண்டும் என்றார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. ராஜபாளையத்தில் வேர்கொண்ட ராம்கோ குழுமத்துக்கு அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை இருக்கிறது. அந்தக் குழுமத்துக்குள் ஒரு பிரிவாக 1992இல் தொடங்கிய மென்பொருள் வேலைதான் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனமாக வளர்ந்தது. மார்ஷல் என்ற பெயரில் சொந்தமாக ஈ.ஆர்.பி. மென்பொருளை எழுதி வெளியே விற்றார்கள். இதற்கு முன்னோடியும் உண்டு. லண்டனில் டீக்கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனம் தன் பேக்கரிக் கணக்குக்காகத் தானே ஒரு கணினியைக் கட்டி 1951இல் ஓடவிட்டது. உலகில் அலுவலகக் கணக்குக்கு வேலை செய்த முதல் கணினிகளில் அது ஒன்று. சரக்கு கையாளுகிறவர்களுக்குத்தான் அதன் சிக்கல் புரியும் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி.

அரசு அலுவலகங்களுக்கும் இது வந்துவிட்டது. தமிழக அரசின் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தில், இன்றைக்குக் களஞ்சியம் என்று அழைப்பதில், லால்குடி அரசுப் பள்ளி ஆசிரியரின் பணிப்பதிவேடும் விடுப்பும் சம்பளப் பட்டியலும் ஒரே அமைப்புக்குள் இருக்கின்றன. சம்பளப் பட்டியலைக் காகிதக் கட்டாகக் கருவூலத்துக்குச் சுமந்த வேலை போய்விட்டது.

இனி, கடினமான பகுதி. மென்பொருளை வாங்குவது எளிது. ஒரு பொருளுக்கு ஒரே பெயர் வைக்க எல்லோரையும் சம்மதிக்க வைப்பதுதான் கடினம். ஒரு சிமெண்ட் ஆலையின் மின்விசிறி பேரிங்கை ஸ்டோர்ஸில் 'பேரிங் 22320' என்பார்கள், பராமரிப்புப் பிரிவில் '22320 ரோலர்' என்பார்கள், பர்ச்சேஸில் 'ஃபேன் பேரிங் பெரியது' என்று இருக்கும். மூன்று பெயருக்கும் மூன்று குறியெண் விழுந்துவிட்டால், அலமாரியில் நான்கு பேரிங் தூங்கும்போதே கணினி 'இருப்பு இல்லை' என்று சொல்லி ஐந்தாவதை வாங்கச் சொல்லும். 1450 டிகிரி வெப்பத்தில் இரவும் பகலும் சுழலும் சூளையை, அலமாரியிலேயே கிடக்கும் ஒரு பேரிங்குக்காக நிறுத்தி மறுபடி சூடேற்ற எவ்வளவு எரிபொருள், எத்தனை நாள் உற்பத்தி வீணாகும் என்று ஆலையில் கேட்டால் சொல்வார்கள். ஆகவே புதிய மென்பொருள் ஓடத் தொடங்குமுன், பொருள்களின் பட்டியலைச் சுத்தம் செய்வதற்கே மாதக்கணக்கில் உட்காரவேண்டும். நான் கேள்விப்பட்ட தோல்விகளில் பெரும்பாலானவை இந்த உட்காரலைச் சுருக்கியதால் வந்தவை.

மிகப் பிரபலமான தோல்வி அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்துடையது. 11.2 கோடி டாலர் செலவில் வாங்கிய அமைப்பை 1999 ஜூலையில், மிட்டாய் விற்பனை உச்சத்துக்கு ஏறும் நேரத்தில், ஒரே மூச்சில் ஓடவிட்டார்கள். சுமார் பத்துக் கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் கடைகளுக்குப் போய்ச்சேரவில்லை. மிட்டாய் இல்லாமல் இல்லை. பருவகால நெருக்கடிக்காகத் தற்காலிகமாக அடுக்கிவைத்த இடங்கள் பல மென்பொருளில் ஏற்றப்படவே இல்லை. பதிவில் இல்லாத சரக்கை அந்த அமைப்பால் அனுப்ப முடியாது.

ஆக மொத்த அமைப்பும் ஒருவர் கையில் நிற்கிறது: ஸ்டோர்ஸ் வாசலில் வந்த பொருளை எண்ணிப் பதிகிறவர். துவாக்குடி தொழிற்பேட்டையில் பெல் நிறுவனத்தின் வேலையை நம்பி வளர்ந்த சிறு பட்டறைகள் ஏராளம். இப்படி ஒரு பட்டறைக்காரர் எந்தப் பெரிய நிறுவனத்துக்குப் பொருள் அனுப்பினாலும், அவருடைய பில் பாஸாக மூன்று தாள்கள் பொருந்தவேண்டும். என்ன கேட்டோம் என்ற ஆர்டர், என்ன வந்தது என்ற ஸ்டோர்ஸ் பதிவு, எவ்வளவு கேட்கிறார் என்ற பில். மூன்றும் ஒட்டினால் மென்பொருளே பணத்தை விடுவிக்கும். நடுவில் உள்ள பதிவு விழவில்லை என்றால் எதுவும் நகராது. சிறு தொழில்களுக்குப் பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டுவரை செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. மென்பொருள் இந்த 45 நாளை எண்ணத் தொடங்குவது ஸ்டோர்ஸ் பதிவின் தேதியிலிருந்து. பொருள் ஒரு வாரம் வாசலில் பதியாமல் கிடந்தால், பட்டறைக்காரரின் ஒரு வாரத்தைத் திரையில் யாரும் பார்க்கவே முடியாது.

இந்தப் பதிவுக்காரருக்குக் கொடுக்கப்படும் திரைதான் நிறுவனத்திலேயே மோசமான திரை என்பது என் வருத்தம். மேலாளருக்கு வண்ண வரைபடம். வாசலில் இருப்பவருக்கோ இருபது கட்டங்கள், ஆங்கிலச் சுருக்கெழுத்துகள், பிழை நேர்ந்தால் ஒரு குறியெண். தமிழ் எழுத்து யூனிகோடில் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது.  எடைமேடைத் திரையும் ஸ்டோர்ஸ் திரையும் தமிழில் இருக்கவேண்டும் என்று ஆர்டர் போடும்போதே கேட்கவேண்டும். அவருக்கு இரண்டு நாள் அல்ல, இரண்டு வாரம் பயிற்சி தரவேண்டும். 'இந்தக் கட்டத்தை ஏன் நிரப்புகிறேன், இதை யார் பார்க்கிறார்கள்' என்று அவர் கேட்டால், மேலே இருப்பவர் வாசலுக்கு வந்து அதைச் சொல்லவேண்டும்.