குழந்தைகள் தொடரில் விவாகரத்தா?

குழந்தைகள் பார்க்கிற தொடரில் விவாகரத்து விஷயம் வரலாமா, கூடாதா? இந்த மே விடுமுறையில் எங்கள் வீட்டில் இதுதான் பட்டிமன்றம்!

தொடரின் பெயர் 'தி ஸூட் லைஃப் ஆஃப் ஸாக் அண்டு கோடி'. 2005 முதல் 2008 வரை அமெரிக்காவில் டிஸ்னி சேனலில் வந்தது. மொத்தம் 87 எபிசோடுகள். நம் ஊர் டிஸ்னி சேனலிலும் போட்டார்கள். என் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்ததும் யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்து விடுவார்கள்.

பாஸ்டன் நகரில் டிப்டன் என்று ஒரு பெரிய ஹோட்டல். அங்கே பாடகியாக வேலை பார்ப்பவள் கேரி. கணவர் கர்ட்டும் பாட்டுக்காரர்தான். இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றுபவர். இருவரும் விவாகரத்தானவர்கள். வேலையோடு 23-வது மாடியில் தங்க இடமும் கிடைப்பதால், இரட்டைப் பையன்களோடு அங்கேயே குடித்தனம். மிச்சமெல்லாம் அந்த வாலுகள் பண்ணும் ரகளையும், மேனேஜர் மோஸ்பி படும் பாடும்தான்.

எனக்குப் பிடித்தது, அந்த அம்மா மூலையில் உட்கார்ந்து அழுவதில்லை. பிரிந்துபோன கணவனையும் வில்லனாக்கவில்லை. ஒரு எபிசோடில் கர்ட் வருகிறார். ஸாக்குக்கு அப்பாவோடேயே போய்விட ஆசை. அப்பா என்றால் ஜாலி, அதட்ட ஆளில்லை! தினமும் சோறு போட்டு, திட்டி, படிக்க வைக்கிறவள் கெட்டவள். எப்பவோ வருகிறவர் நல்லவர். தனியாகப் பிள்ளை வளர்க்கும் எந்தத் தாய்க்கும் இந்த வலி தெரியும். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹோட்டல் முதலாளியின் மகள் லண்டன் கதை இன்னும் பாவம். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அப்பா கண்ணில் படுவதே அபூர்வம், சித்திகள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதைச் சிரிப்பாகக் காட்டுகிறார்கள், எனக்கென்னவோ மனசு கேட்கவில்லை.

இதற்கு வெகுகாலம் முன்பே, 1969-ல் 'தி பிராடி பஞ்ச்' வந்தது. மூன்று பையன்களின் அப்பாவும் மூன்று பெண்களின் அம்மாவும் மறுமணம் செய்துகொள்ளும் கதை. அந்த அம்மாவின் முதல் கணவர் என்ன ஆனார் என்று கடைசி வரை சொல்லவே இல்லை! அமெரிக்காவிலேயே அப்போது அவ்வளவு தயக்கம்.

ஒரு குறையும் உண்டு. தனியாக நிற்கும் பெண்ணுக்கு முதல் கவலையே வீட்டு வாடகை. அதை ஹோட்டல் அறையைக் கொடுத்துச் சுலபமாகத் தீர்த்துவிட்டார்கள்.

சரி, பட்டிமன்றத்துக்கு வருகிறேன். என் தங்கை மகள் விவாகரத்து வாங்கி இரண்டு வருஷமாகிறது. அவள் பையன், ஒன்பது வயசு, லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பழைய எபிசோடுகளை என் மகள் போட்டுக் காட்டினாள். தங்கைக்குக் கோபம். "ஏங்க்கா, இதைப் போய் அவனுக்குக் காட்டணுமா? வேற மாத்துங்க" என்றாள். அவன் காதில் அந்த வார்த்தையே விழக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். அப்பா வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்றுதான் இன்று வரை சொல்லி வருகிறாள்.

பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாத்தாதீங்க பாட்டி. இவங்க அப்பாவும் எங்க அப்பா மாதிரிதான். வர்றேன்னு சொல்வாரு, எப்பவாச்சும்தான் வருவாரு" என்றான். பிறகு மோஸ்பி ஏதோ பண்ண, விழுந்து விழுந்து சிரித்தான்.

தங்கை அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று ராத்திரி, "அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குக்கா. இனிமே எப்படிப் பேச ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள். இதே நிலையில் இருக்கிற தோழிகள், உங்கள் பிள்ளைகளிடம் முதலில் என்ன சொன்னீர்கள்? எழுதுங்களேன், அவளிடம் படித்துக் காட்டுகிறேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.